லேபிள் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை குளியலறையில் பிறந்தது. கை ஈரமாக இருந்ததால் ஷாம்பு பாக்கெட் கிழிய மறுத்தது. பல்லால் கடித்தேன். அதன் மேல் சிரித்துக்கொண்டிருந்த இளைஞனின் நெற்றி பாதி என் வாய்க்குள் வந்துவிட்டது. மிச்ச முகம் அப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஆளுக்கு அழவேண்டிய நிலை வந்தால் என்ன செய்வான்? நுரையைக் கழுவிக்கூட முடிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். (மேசையில் இன்னும் ஈரம்.)

2

முதல் தொடக்கம்: ‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலருகே நின்று அவன் தன் தோல்விகளை—’

அடித்துவிட்டேன். மழை என்று எழுதியதும் தலைமுடியை நனைத்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பிவிட்டான்.

இரண்டாம் தொடக்கம்: ‘பசி அவனுக்குப் புதிதல்ல. மூன்றாவது வேளையாக வெறும்—’

இதுவும் தேறவில்லை. கன்னம் ஒட்டினால் தாடை எடுப்பாகத் தெரியுமே என்று சந்தோஷப்படுகிறான். இவனை வைத்துக்கொண்டு சோகக்கதை எழுத என்னால் ஆகாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

அவனுடைய அக்கா துணிக்கடையில் விற்பனையாளர். ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மையின் கை கழன்று விழுந்தது. மாற்றுப் பொம்மை வரும்வரை, வேலையில்லாமல் வீட்டில் கிடந்த தம்பியைக் கூட்டிவந்து சட்டை மாட்டி நிற்க வைத்தாள். மத்தியானம் வரை ஆடாமல் அசையாமல் நின்றான். சட்டைத் துணியைத் தொட்டுப் பார்க்க வந்த புகைப்படக்காரர், பொம்மை கண் சிமிட்டியதில் அலறிவிட்டார். பிறகு அவனை விளம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சட்டைப் பெட்டி, பிஸ்கட், செல்போன், கடைசியில் ஷாம்பு; அதுவே அவனுக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பான். லேபிள் வெளியே தெரியும். தொழிலில் அவனை அடிக்க ஆளில்லை.

சினிமாவில்தான் வந்தது வினை. முதல் படத்தில் கதாநாயகனின் நண்பன். காதல் கடிதத்தைக் கன்னத்தருகே பிடித்தான். இரண்டாவதில் வில்லனின் தம்பி. துப்பாக்கியையும் அப்படியே பிடித்தான். இரண்டு படத்திலும் அவன் வந்த காட்சிகளை வெட்டிவிட்டார்கள். மூன்றாவது படத்தில் கதாநாயகன். “முகம் போதும், நடிப்பை நான் வாங்கிக்கிறேன்” என்று சொன்னார் புது இயக்குநர். பாவம், தைரியசாலி.

(இங்கே ஒரு சந்தேகம். இப்படி ஓர் ஆள் இருப்பானா? எனக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுக்கு உள்ளே ஓர் ஆசை இருக்கிறது, அதை நம்புகிறேன். ஒரே ஒருவராவது, எதை வாங்கலாம் என்று யோசிக்காமல், இவனுக்கு என்ன கஷ்டமோ என்று அவனைப் பார்க்க வேண்டும். இதை வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம்.)

4

ஆஸ்பத்திரி செட். கட்டிலில் அப்பா வேடத்தில் மூத்த நடிகர், சாகத் தயாராகப் படுத்திருக்கிறார். மகன் மருந்து பாட்டிலை எடுத்து ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும்.

“இதைக் குடிச்சா எல்லாம் சரியாயிடும்ப்பா.”

வசனம் எழுதியவரைத்தான் உதைக்க வேண்டும். (நான்தான்.) பாட்டில் தன்னால் கன்னத்துக்குப் போயிற்று. புன்னகை மலர்ந்தது.

“கட்! ஷாம்பு, உங்க அப்பா சாகுறாருப்பா!”

“சாரி சார்.”

மறுபடியும் அதேதான். அதற்கடுத்தும். மூத்த நடிகர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, நீ காட்டுற அழகுல எனக்கே அதை வாங்கிக் குடிச்சுப் பொழைச்சுக்கலாம்போல இருக்கு. நான் சாகணும்டா!”

செட்டே சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒரு டேக்தான். இல்லேன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் வேற ஆளை வெச்சு எடுத்துடுவேன்” என்றார். அந்த வேறு ஆளின் தோளை உடை தைப்பவர் ஏற்கெனவே அளந்துகொண்டிருந்தார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவிடம் பாட்டிலும் கையுமாகப் போனான்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மருந்து குடுத்தியே, எப்படிடா குடுத்த?”

“அப்பவும் இப்படித்தான்க்கா.”

“ஆமால்ல!” அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. “இதுவும் போச்சுன்னா நீ மறுபடி கண்ணாடிக்குப் பின்னாடிதான்டா நிக்கணும்.”

“தெரியும்க்கா.”

அவன் முகம் துடைக்கத் திரும்பிய நேரத்தில் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கடையில் விலை ஸ்டிக்கர் உரித்துப் பழகிய நகம். லேபிளை ஒரே இழுப்பில் உரித்துப் பாட்டிலைக் கட்டிலருகே வைத்துவிட்டாள். (இதை அவள் செய்வாள் என்று நான் திட்டமிடவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.)

5

“ஆக்‌ஷன்!”

பாட்டிலை எடுத்தான். கை பாதி வழி போய் நின்றது. லேபிள் இல்லை. இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். எது முன்பக்கம்? கேமராவை மறந்தான், வெளிச்சத்தை மறந்தான். கையில் இருப்பது என்னவென்றே தெரியாதவனைப்போல் நிமிர்ந்து, கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தான்.

“இதைக் குடிச்சா... எல்லாம்...”

மேலே வரவில்லை. உதடு நடுங்கியது. சாக வேண்டிய மூத்த நடிகர், வசனத்தில் இல்லாதபடி, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதப்பா. நான் இருக்கேன்ல?”

இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

“அய்யோ, ஷாம்பு! எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த இதை?”

எனக்கே துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. கதை முடிந்தது, காபி குடிக்கலாம் என்று எழுந்தும்விட்டேன். அப்போது கேமரா உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“சார்... ஃபோகஸ் போயிடுச்சு சார். நானும் அழுதுட்டேன்.”

“பரவால்ல. ஒன் மோர். அப்படியே, அதே மாதிரி!”

6

அவன் பாட்டிலைப் பார்க்கிறான். லேபிள் இல்லையென்று இப்போது அவனுக்குத் தெரியும். தெரியாமல் வந்ததைத் தெரிந்தே கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர்தான் நடிப்பு என்பது அவனுக்கு இந்த நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததும் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஒரு முடிவு எழுதினேன்: ‘அந்தக் காட்சிக்காகவே மக்கள் திரும்பத் திரும்ப—’ ரொம்ப இனிப்பு. இன்னொன்று: ‘பாட்டில் மெல்லக் கன்னத்தை நோக்கி—’ எழுதும்போதே அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது, கை ஓடவில்லை.

இயக்குநருக்கோ கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. உங்களைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார். மூத்த நடிகர் கண்ணை மூடிப் படுத்தாயிற்று. கேமரா ஓடுகிறது. அவர் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லுங்கள், பயத்தில் அவனுக்குக் காது அடைத்திருக்கிறது.