சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கையெழுத்துதானே என்கிறார்கள். ஒரு நிமிஷ வேலை. பேனாவைத் திறந்து, பேரை எழுதி, மூடி வைக்க வேண்டியதுதான். இந்தப் பேரை எழுதச் சொல்லி யாராவது ஒரு காகிதத்தை நீட்டமாட்டார்களா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவள் நான்தானே? இப்போது நீட்டிவிட்டார்கள். ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

ஜெயமணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைகீழாக நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோட்டம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரிம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இடப்பக்கம் சாய்ந்தது. அந்த இடத்துப் போக்ஸ் கம்பியை இறுக்கினாள். இறுக்கியது கூடிவிட்டது. தளர்த்தினாள். காலையிலிருந்து இதே கதைதான். கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

தீவில் ஹாடோ மேட்டிலிருந்து சாத்தம் பாலத்துக்கு இறங்கும் பாதையின் நடுவில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. மர மில்லுக்குப் போய்வரும் தமிழர்களுக்காக அவர்களுடைய சங்கம் போட்டது. இங்கே யாரும் யாருக்கும் சைக்கிள் ரிப்பேர் செய்து தருவதில்லை. சங்கத்து ஸ்பேனரை எடுத்து அவரவர் சைக்கிளை அவரவரே கழற்ற வேண்டும். ஜெயமணி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பாள். சாயங்காலம் சைக்கிள் ஓட்டும் பயிற்சி. வாசல் பலகையில் மட்டும் ‘பொறுப்பு: திரு. ஜெகநாதன்’ என்று இருந்தது. ஜெகநாதன் அவள் புருஷன். மில்லில் மரம் அளப்பவன். சைக்கிளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அநியாயம். பஞ்சர் ஒட்டத் தெரியும். அதற்கு மேல் யாராவது கேட்டால் சலவைச் சட்டையோடு நின்றபடி கொட்டகைக்குள் திரும்பிப் பார்ப்பான். சாத்தூரில் வாடகை சைக்கிள் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள் உள்ளிருந்து பதில் சொல்லுவாள். அந்தப் பதில் அவன் வாய் வழியாக வெளியே போகும். கேட்டவர்கள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

சைக்கிள் ஓட்டுவதற்கு ஜெயமணி ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். இந்த ஊரில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் மழை. மேடு என்றால் மேடு, இறக்கம் என்றால் நேரே கடல். ஆகவே இரண்டு ரிம்மிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, மேட்டிலிருந்து இறங்கி, கொட்டகை வாசலில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்ட வேண்டும். நின்றால், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நம்பர் அடித்த தகர வில்லை ஒன்றை ஹேண்டிலில் மாட்டிவிடுவாள். வில்லை இல்லாத சைக்கிளில் ஏறாதே என்பதுதான் அவள் நடத்தும் முதல் பாடம். “அக்கா அபிஷேகம் பண்ணியாச்சா?” என்று மில் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். செய்துகொண்டே சக்கரத்தைக் காட்டுவார்கள்.

இந்த ஆகஸ்டில்தான் சிக்கல் வந்தது. பிரேக் ரப்பர் ஏற்றிவர வேண்டிய மெட்ராஸ் கப்பல் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று மூன்று வாரம் ஆகிவிட்டது. இருந்த ரப்பரெல்லாம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. சிலுவைராஜுக்குத்தான் யோசனை தோன்றியது. தூத்துக்குடிக்காரன், மில்லில் ரம்பம் தீட்டுகிறவன். கழித்துப் போட்ட படாக் மரத் துண்டுகளை ரப்பர் அளவுக்குச் செதுக்கி, மெழுகுத் துணியால் தேய்த்து, இருபது ஜோடி கொண்டுவந்து மேஜையில் பரப்பினான். சிவப்பாக, வழவழவென்று, நகைபோல இருந்தன.

“ரப்பர் ஒரு வருசம் வரும். இது உங்க மகன் காலம் வரை வரும். என்ன சொல்லுதிய அக்கா?”

காய்ந்த ரிம்மில் படாக் கட்டை கவ்விப் பிடித்தது. ஜெயமணியே அசந்து போனாள். பிறகு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். சிலுவைராஜ் மேட்டிலிருந்து இறங்கினான். கோடு வந்தது, போனது. இரண்டு கையாலும் பிரேக்கை நெரித்தபடி அவன் கொட்டகையைத் தாண்டி, மலையாளத்தார் டீக்கடையைத் தாண்டி, ஒரு புதருக்குள் போய் விழுந்தான். முழங்கை தோலுரிந்து எழுந்து வந்தவன், “பாத்தியளா, கட்டைக்கு ஒண்ணும் ஆகல!” என்று சிரித்தான்.

அது நடந்து நான்கு நாள். நாளை மறுநாள் சுதந்திர தினம். பெரிய அதிகாரி ஒருவர் கொட்டகையைப் பார்வையிட வருகிறார். பத்து சைக்கிள் கொடி கட்டி மேட்டிலிருந்து பாலம் வரை அவர் முன்னால் ஊர்வலமாக இறங்க வேண்டும். சங்கச் செயலாளர் பக்தவத்சலம் காண்ட்ராக்டர் முடிவு செய்துவிட்டார். பத்திலும் படாக் கட்டைதான் மாட்டியிருந்தது. பத்தின் வில்லைகளையும் ஜெயமணி கழற்றி வைத்திருந்தாள்.

மேஜைமேல், ஸ்பேனருக்கு அடியில் கிடந்த காகிதம் அவர் தட்டெழுதிக் கொண்டுவந்தது. ‘இந்தப் பத்து சைக்கிள்களையும் மழை ஈரத்தில் சோதித்தேன். பாதுகாப்பானவை.’ அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே: ‘பயிற்சியாளர், திருமதி ஜெயமணி.’

காலையிலிருந்து அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கிரீஸ் படாமல் விரல் நுனியால் பிடித்துப் படித்தாள். அதை நினைக்கத்தான் எரிச்சலாக வந்தது. மேல் வரி பொய் என்று தெரிந்தும் கீழ் வரிக்காகக் கையைத் துடைத்துக்கொள்கிறேனே, நான் என்ன மனுஷி?

சாயங்காலம் மழை லேசாக விட்டதும் பக்தவத்சலம் குடையோடு வந்தார். கூடவே ஜெகநாதன்.

“இன்னும் போடலியா தங்கச்சி? டைப் அடிச்ச மை காயறதுக்குள்ள போட்டிருப்பேன்னு நெனச்சேன்.”

“ஈரத்துல நிக்கலண்ணே.”

“அன்னிக்கு மழை பெய்யும்னு உனக்கு யாரு சொன்னது? வெயில் அடிச்சா?”

“வெயில் அடிச்சா நிக்கும். காகிதத்துல ஈரம்னு போட்டிருக்கு.”

“காகிதம்னா அப்படித்தான் போடணும். அச்சா, நீ ஒரு செம்பு ஊத்துறதுக்குப் பதிலா அரைச் செம்பு ஊத்திப் பாரேன்.” தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “இத பாரு. பொம்பளைய வாத்தியாரா போடுறதான்னு கமிட்டில எத்தனை பேரு குதிச்சாங்க தெரியுமா? நான்தான் மல்லுக்கட்டி உன் பேரைச் சேர்த்தேன். அதிகாரி பாத்துட்டுத் தலையாட்டினா பலகையே மாறிடும். நழுவ விட்டா அடுத்த தடவை கேக்க எனக்கு வாய் இருக்காது.”

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

ஜெகநாதன் தொண்டையைச் செருமினான். “என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடச் சொல்லி நானே சம்மதிச்சேன். ஊர்ல எந்தப் புருஷன் செய்வான்? இன்னும் என்ன வேணும் உனக்கு?”

என்ன வேணும்? அவள் சக்கரத்தையே பார்த்தாள். இந்த மனுஷன் கெட்டவரும் இல்லை. ரெண்டு வருஷம் என் பதிலைத் தன் பதிலாகச் சொன்னபோது அவருக்கு அது உறுத்தவே இல்லை. இன்றைக்கு விட்டுக் கொடுப்பதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்துகிறார். என்னுடையதை எனக்கே தானம் கொடுக்கிறார்! இதைச் சொன்னால் சண்டையாகும். சொல்லாவிட்டால் உள்ளே புளிக்கும்.

அந்த நேரம் பார்த்து ரீத்தா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு மாதத்துக்கு முன் சைக்கிளைத் தொடவே பயந்தவள். இப்போது இரவுப் பணிக்குத் தனியாக மிதித்துப் போகிறாள். ஊர்வலத்தில் முதல் சைக்கிள் அவளுடையது. ஹேண்டிலில் கட்டக் காகிதக்கொடி வாங்கி வந்திருந்தாள்.

“டீச்சர், சிலுவையண்ணன் என் வண்டிக்கும் மரக்கட்டை மாட்டிட்டாரு. நல்லாத்தான் இருக்கு. வில்லையைக் கழட்டி வச்சிருக்கீங்களாமே, மறுபடி மாட்டிக் குடுங்க.”

“உனக்குப் பயமா இல்லையா ரீத்தா?”

“நீங்க வில்லை மாட்டிட்டா எனக்கு என்ன பயம்?”

சாதாரணமாகத்தான் சொன்னாள். கொடியின் குச்சி நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடி நின்றாள். ஜெயமணி மேஜையில் கிடந்த வில்லைகளைப் பார்த்தாள். பலகையில் இல்லாத பேர், இரண்டு வருஷமாக இந்தத் தகரத் துண்டில் இருந்திருக்கிறது. தான் மட்டும்தான் அதைப் படிக்கவில்லை. என்றாலும் மனசு முழுசாக ஆறிவிடவில்லை. பலகையும் வேண்டித்தான் இருந்தது. இப்போதும் வேண்டித்தான் இருந்தது. அந்த ஆசையைப் பொய் என்று தள்ள அவளால் முடியவில்லை.

தூறல் மறுபடி தகரத்தில் தட்டத் தொடங்கியது.

பக்தவத்சலம் பேனாவைத் திறந்து நீட்டினார். “ரீத்தாவே கேக்குது பாரு. போடும்மா, பஸ், அவ்வளவுதான்.”

ஜெயமணி கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தாள். ஜெகநாதன் மூச்சு விட்டது கேட்டது. அவள் அதை நான்காக மடித்து, பக்தவத்சலத்தின் கையில் கொடுத்தாள்.

“கப்பல் வரட்டும்ண்ணே. ரப்பர் மாட்டி, தண்ணி ஊத்தி, கோட்டுல நின்னதும் நானே உங்க வீட்டுக்கு வந்து எழுதித் தரேன்.”

“கப்பல் வர்றதுக்குள்ள பலகையில உன் புருஷன் பேருக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிருப்பேன்.”

“தெரியும்.”

“சரி, எழுத வேணாம். ஜெகநாதன் எழுதுவாரு. அந்தப் பத்து வில்லையையாவது குடு. அது இல்லாம இதுங்க ஏறமாட்டேங்குதே.”

வில்லைகள் மேஜையில் ஒரு பழைய டப்பாவில் இருந்தன. ஜெயமணி டப்பாவை எடுத்தாள். மூடியை அழுத்தி மூடி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இல்லண்ணே,” என்றாள்.

 ரீத்தா சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கொடியை மேஜைமேல் வைத்தாள். ஜெயமணி திரும்பிப் போய்ச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். கோட்டம் இன்னும் இருந்தது.