மரக்கட்டையின் பக்கத்து பெஞ்சு

சத்தியம், சத்தியம், மூன்றாந்தரமும் சத்தியம்! என் வாயில் மிச்சமிருக்கிற ஒரே கடைவாய்ப் பல்லின் மேல் ஆணை. இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் அதுவும் இன்றைக்கே விழட்டும்.

கோயம்புத்தூரில், சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டாம் வகுப்பு இயக்கவியல் பாடத்துக்கு ஒரு மரக்கட்டையைச் சேர்த்துக்கொண்டார்கள். நுண்கணிதம் போட்டுப் படிக்கிற இயக்கவியல் அது. அதில் பாதிக் கணக்குகளில் சாய்தளத்தின் மேல் ஒரு கட்டை உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷம் கணக்குக்குள்ளேயே கிடந்தவரைப் பரீட்சை எழுதவிடாமல் இருப்பது நியாயமில்லை என்று பள்ளிக்கூடம் நினைத்தது. சாய்வாக ஒரு பெஞ்சு அடித்துப் போட்டார்கள். யூனிஃபார்முக்கு அளவெடுத்த டெய்லர், "கை வேண்டாமில்லீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து பெஞ்சு தனுஸ்ரீ. கட்டை வருகிறவரை வகுப்பில் முதல் ஆள் அவள்தான். இந்தப் பாடத்துக்குப் பரீட்சை அமெரிக்காவிலிருந்து வரும்; அதில் தேறினால் அங்கே கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படிக்காமலே படித்ததாக வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கிரெடிட் என்று பெயர். அந்த வருஷம் கோயம்புத்தூருக்கு ஒரே ஒரு கிரெடிட்தான் வந்திருந்தது. வாடாமல் இருக்க, தலைமையாசிரியர் அறையில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். தனுஸ்ரீ தினமும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது கட்டையும் பார்க்க வந்தது.

குழந்தைவேல் சார் போர்டில் கணக்குப் போடுவார். தனுஸ்ரீ விசையை எழுதி, முடுக்கத்தைக் கண்டுபிடித்து, தொகையிட்டு, மாறிலியைச் சேர்ப்பதற்குள் கட்டை ஒரு தடவை சறுக்கிக் கீழே வந்து வேகத்தைச் சொல்லிவிடும்.

"சபாஷ் கண்ணு," என்பார் சார்.

அவளை அவர் ஒருநாளும் கண்ணு என்றதில்லை.

ஒரு மத்தியானம், கை நிறைய மணலை அள்ளிக் கட்டையின் பெஞ்சில் தூவினாள். கட்டை நகரவில்லை.

"பாருங்க, எத்தனை சாய்ச்சும் அசையாம உக்காந்திருக்குது! உராய்வுன்னா இதுதான்!" என்று சார் வகுப்பையே கைதட்டச் சொன்னார்.

மறுநாள் பெஞ்சிலிருந்து வராந்தா முடிய தேங்காய் எண்ணெய் தடவினாள். கட்டை சறுக்கி, கதவைத் தாண்டி, ஒரே வேகத்தில் போய்க் கேன்டீன் சுவரில் முட்டி நின்றது. "தடுக்க ஆளில்லைன்னா நிக்கவே நிக்காது. முதல் விதி!" சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அது எதைச் செய்தாலும் இயற்பியல். இவள் செய்தால் சேட்டை.

திரும்பி வந்த கட்டை, "எண்ணெய் உங்களதுங்களா தனு? ரொம்ப உபகாரமுங்க," என்றது. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வாய மூடு. உனக்கெதுக்குக் காலேஜு? அடுப்புக்குத்தானே போகப்போற?"

"ஆமாங்க. அதுக்கு முன்னால ஒரு டிகிரி வாங்கிக்கலாம்னு."

பரீட்சையில் கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: சாய்தளத்தில் ஒரு கட்டை இருக்கிறது. பக்கத்து பெஞ்சுப் பெண் அதன் கீழே எண்ணெய் தடவுகிறாள். கட்டை கேன்டீனை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றின் தடையையும் அந்தப் பெண்ணின் பொறாமையையும் புறக்கணிக்கவும்.

தனுஸ்ரீ காற்றைப் புறக்கணித்தாள். மற்றதையும் புறக்கணிக்கப் பார்த்தாள். பக்கத்தில் கட்டை பதறாமல் எழுதிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டு மறுபடி தொகையிட்டாள். ஒவ்வொரு தடவையும் பொறாமை மாறிலியாக வந்து கடைசியில் ஒட்டிக்கொண்டது. அவள் கணக்கில் கட்டை கேன்டீனுக்குப் போய்ச் சேரவே இல்லை.

கிரெடிட்டைக் கட்டைக்குக் கொடுத்தார்கள். ஈரத்துணியோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. ஜன்னலோர சீட்டு. தனுஸ்ரீ அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

ஜூனில் புது வகுப்பு தொடங்கியது. சாய்வு பெஞ்சு காலி. ஆளில்லாமல் ஒரு கணக்கும் நகரவில்லை. தனுஸ்ரீ யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தாள். சார் கோணத்தை அளந்தார். நிறையைக் கேட்டுப் போர்டில் எழுதினார். அவள் சறுக்கிக் கீழே வந்து வேகத்தைச் சொன்னாள்.

"சபாஷ் கண்ணு."

பிள்ளைகள் விடையைக் குறித்துக்கொண்டார்கள். மீதிப் பாதிக் கணக்குகளுக்காக உத்தரத்தில் மாட்டியிருந்த கப்பி மட்டும், கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தது.

மறுநாள் காலையில் பெஞ்சில் மணல் கிடந்தது.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கட்டை லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறது. என் வீட்டுக் கதவுக்கு அது சித்தப்பா முறை; போகும்போது மெதுவாகச் சாத்திவிட்டுப் போங்கள்.