ஒரே வினைச்சொல்

அக்கா பெட்டியோடு வந்து இறங்கி அன்றோடு முப்பத்தாறு நாள். மூன்றாம் நாளே சின்னவள் அத்தானைக் கப்பலில் ஏற்றிவிட்டாள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது டீச்சர், "அக்கா வந்திருக்காளாமே, என்ன விசேஷம்?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டார். ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆனாலும் தெருவுக்கே அவர் டீச்சர்தான். புதன்கிழமை ஜெபக்குழுவை நடத்துவதும் அவர்தான். தன் மகனுக்குச் சின்னவளைக் கேட்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். யாரும் வாய்திறந்து பேசியதில்லை. சின்னவளின் வாயிலிருந்து, "அத்தான் கப்பல்ல வேலைக்குப் போயிருக்காரு, ஆன்ட்டி" என்று வந்து விழுந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே வாந்தியெடுக்கிற மனிதர் அவர்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சோறூட்டி வளர்த்தவர் டீச்சர். வாராவாரம், "கடலில் இருக்கிற எங்கள் மருமகனுக்காக" என்று கண்ணை மூடி ஆரம்பிப்பார். அலைகள் அடங்கவேண்டும், இயந்திரம் பழுதாகக்கூடாது என்று ஏழெட்டுப் பெண்கள் மனமுருகி வேண்டுவார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காதான் எல்லோருக்கும் முந்தி ஆமென் சொல்வாள். முதல் வாரம் ஜெபம் முடிந்த இரவு பாத்திரம் கழுவும்போது, "ஏன்டி, கப்பல்தானா கிடைச்சுது உனக்கு? நாலு நாள் ஆபீஸ் டூருன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷனாவது தப்பிச்சிருப்பாரு" என்று சிரித்தாள். இருவரும் குழாயை மூடாமலே சிரித்தார்கள். பிறகு அக்கா ஒரே தட்டை ரொம்ப நேரம் தேய்த்தாள். "யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிடு. எனக்கு ஒண்ணும் வெட்கமில்ல. உனக்குத்தான்" என்றாள். அது உண்மை.

இந்தப் புதன் ஜெபக்குழு அவர்கள் வீட்டில். "படிச்ச பொண்ணு, நீ பத்து நிமிஷம் பேசு" என்று டீச்சர் சொல்லியிருந்தார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கப் பாட்டில்களோடு இருக்கிறவளுக்கு மனிதர்கள் முன்னால் பேசுவதென்றால் கை சில்லிட்டுவிடும். ஆனால் ஒரு சொல்லை எடுத்து ஆராயச் சொன்னால் தைரியம் வரும். மன்னிப்பு என்கிற சொல்லை எடுத்தாள். வேதத்தின் கிரேக்கச் சொற்களைக் காட்டுகிற ஆப் ஒன்று போனில் இருந்தது. மன்னிப்புக்கு அது காட்டிய சொல் அஃபியேமி. தொட்டால் அது வருகிற இடமெல்லாம் வரிசையாக வந்தது. பேசுவதற்கு அவள் பொறுக்கியது ஐந்து இடங்கள். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டாள்.

லேபில் ஒரே தண்ணீரை ஐந்து முறை அளப்பார்கள். ஒரு அளவு மட்டும் ஒத்துவராவிட்டால் தள்ளலாம், ஆனால் காரணத்தை எழுதவேண்டும். எழுத முடியாத காரணத்துக்காகத் தள்ளக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே சின்னவள்தான்.

பேச்சு நன்றாகவே வந்தது. மீனவர்கள் வலையை விட்டுவிட்டுப் போனார்களே, அங்கே இந்தச் சொல். பேதுருவின் மாமியாரைக் காய்ச்சல் விட்டதே, அங்கேயும் இதே சொல். கிணற்றடியில் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாளே, அங்கேயும். சிலுவையில், பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்றாரே, அதுவும் இதேதான். "தமிழ்லயும் அப்படித்தானே ஆன்ட்டி. சண்டை போட்டுட்டு, சரி விட்டுடுன்னு சொல்றோம். மன்னிக்கிறதுன்னா பிடியை விடுறது" என்று முடித்தபோது ஒருத்தி, "அட, ஆமா" என்றாள். சின்னவளுக்குக் காது சூடானது. இவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பது இதுவரை இப்படி இனித்ததில்லை.

டீச்சர் போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்திருந்தார். அதே ஆப். போன வாரம் சின்னவளேதான் ஏற்றிக்கொடுத்தாள்.

"கண்ணு, இதுல நூத்துக்கு மேல காட்டுதே. இங்க பாரு, கொரிந்தியர் நிருபத்துல. புருஷன் பொண்டாட்டியைத் தள்ளிவிடக் கூடாதுங்கிற இடத்துலயும் இதே வார்த்தைதான் போட்டிருக்கு. நல்ல பாயிண்டு. இதை ஏம்மா விட்டுட்ட?"

அம்மா தலை நிமிரவில்லை.

"மறந்துட்டேன் ஆன்ட்டி."

"புருஷன் விட்டுட்டா அது எப்படி மன்னிப்பாகும்?" என்றாள் ஒரு பெண். "எங்க வீட்டுக்காரரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே என்னை விட்டுட்டாரு. டிவிதான் கதி" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அப்போதுதான் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். டீச்சர் முகம் மலர்ந்தார். "இதோ, கப்பல்காரர் பொண்டாட்டியையே கேப்போம். ஏம்மா, கப்பல்ல போறவங்க விட்டுட்டுத்தானே போறாங்க, உன்னை மன்னிச்சுட்டா போயிருக்காரு?"

வெள்ளை மனசோடு கேட்ட கேலி. அக்கா சிரிக்க முயன்றாள். உதடு பாதியில் நின்றது. கோபம் இல்லை அவள் முகத்தில். சின்னவளை மட்டும் பார்த்தாள். அடுத்த துறைமுகத்தின் பெயரைச் சின்னவள் சொல்வாள், தானும் தலையாட்டவேண்டும் என்று தயாராக நிற்பவள்போல இருந்தது அந்தப் பார்வை. எத்தனை புதன்கிழமை இப்படி நின்றிருப்பாள். அவரைப் பத்திரமாகக் காக்கும்படி பிறர் கேட்க, எந்த வாயால் ஆமென் சொல்லியிருப்பாள். சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சரி சரி, பாவம் பிள்ளையைக் கிண்டல் பண்ணாதீங்க" என்றார் டீச்சர், தானே கேட்டதை மறந்து. "அவருக்காக வேண்டிக்குவோம்." எல்லோரும் கண்களை மூடினார்கள். "கடலில் இருக்கிற எங்கள்..."

"கப்பல் இல்ல, ஆன்ட்டி."

சின்னவளுக்கே அது தன் குரல்போல இல்லை. ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகத் திறந்தது. டீச்சர் மட்டும் திறக்கவில்லை. அடுத்த சொல்லுக்காகப் பிரிந்த உதடுகள் அப்படியே இருந்தன. அக்கா தட்டைத் தரையில் வைத்தாள். கோப்பைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"அத்தான் இதே ஊர்லதான் இருக்காரு. வேற ஒரு குடும்பத்தோட. அக்காவை விட்டுட்டாரு."