அறுபத்தோராவது கிளை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அண்ணியிடமிருந்து திருடியது. அவர் பார்க்கப் பார்க்கவே எடுத்தேன். நாத்தனார் எழுதும் கதையில் அண்ணியின் பாடு என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பக்கமும் அவர் கண்ணில் பட்ட பிறகே வெளியே போக வேண்டும். கையில் சிவப்புப் பேனா வேறு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை தூறிய ஒரு மாலையில், ஜன்னலோர மேசையில், தனிமை அவள் எதிரே வந்தமர்ந்து..."

(அண்ணி: "எதிர்ல என் பையைத்தான்டி வெச்சிருந்தேன்.")

சரி, நேராகவே சொல்கிறேன். அண்ணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துவார். ஓய்வு கிடைத்தால் ஒரே காப்பிக் கடையின் கிளைகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். பலகையில் மூன்று கோப்பை வரைந்திருக்கும் கடை. மொத்தம் அறுபத்தொரு கிளை. ஒன்று பேருந்து நிலையத்தில், ஒன்று துணிக்கடையின் மூன்றாம் மாடியில், ஒன்று பல் ஆஸ்பத்திரிக்குக் கீழே (அங்கே பாதிப் பேர் மரத்துப்போன வாயால் குடித்துச் சட்டைக்கும் கொடுக்கிறார்கள்). போன இடத்திலெல்லாம் பால் இல்லாத காப்பி, அரைக் கரண்டி சர்க்கரை. குறிப்பேட்டில் தேதியும் மதிப்பெண்ணும்.

"எல்லாம் ஒரே காப்பிதானே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று என் அண்ணன் கேட்டான்.

"நீங்க ஒரே செய்தியை நாலு சேனல்ல பாக்கலையா?"

அண்ணன் ரிமோட்டைத் தேடப் போய்விட்டான்.

நான்கு ஆண்டுகளில் அறுபது முடிந்தது. மிச்சம் ஒன்று. அது எங்கள் வீட்டிலிருந்து நாலே நிறுத்தம்.

3

பக்கத்தில் இருப்பதை ஏன் விட்டுவைத்தார்? இங்கேதான் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. துருவினேன். அந்தக் கிளையின் மேனேஜர் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி.

ஆறு வருடம் முன்பு அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி அப்போதுதான் இந்தக் காப்பிக் கடையில் சேர்ந்திருந்தான். ஆள் இல்லை, சாயங்காலம் வரை இரு என்றார்கள், இருந்துவிட்டான். வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தனை பேர் முன்னால் அண்ணி சொன்னார்: "இனிமே எதுக்கு வந்தே? போ, போய் உன் காப்பியையே ஆத்து."

போனான். அக்கா சொல்லைத் தட்டாத தம்பி. காரியத்துக்கு வந்து ஓரமாக நின்றதோடு சரி.

ஆக, இந்த யாத்திரை முழுவதும் குற்ற உணர்வின் ஆழத்திலிருந்து அவள் தன்னையே...

(சிவப்புக் கோடு. ஓரத்தில் அண்ணியின் கையெழுத்து: "பெரிய மனோதத்துவம்! அம்மாவை விட அப்படி என்னதான் இருக்கு அந்தக் கடையிலன்னு பாக்கப் போனேன். அப்புறம் காப்பி பிடிச்சுப்போச்சு.")

சத்தியமாக, அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தோன்றியிருக்காது.

4

உச்சக் காட்சிக்கு மூன்று வடிவங்கள் வைத்திருந்தேன். முதலாவதில் அக்காவைக் கண்டதும் தம்பியின் கையிலிருந்து கோப்பை விழுந்து சுக்குநூறாகிறது. "அது காகிதக் கோப்பைடி" என்றார் அண்ணி. மற்ற இரண்டையும் நானே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. அண்ணி வரிசையில் நின்றார். முறை வந்ததும், தம்பி தலை நிமிராமலே பால் இல்லாத காப்பியில் அரைக் கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி நீட்டினான்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

"எல்லாக் கிளைக்கும் போற அக்கான்னு மேனேஜருங்க வாட்ஸ்அப் குரூப்ல நாலு வருஷமா போட்டோவோட உன் பேச்சுதான். இன்னிக்கு இந்தக் கடைக்கு வந்தாங்க, நேத்து அந்தக் கடைக்கு வந்தாங்கன்னு..." அவன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "அறுபது கடை ஏறி இறங்கினியே. என் கடை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணி கோப்பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னால் நின்றவர், "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டுங்க" என்றார். தம்பி கல்லாவை இன்னொருத்தியிடம் விட்டு வெளியே வந்தான். அக்காவை ஓரமாக உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னியே, அதை மனசாரத்தான் சொன்னியா?"

அண்ணி பதில் சொன்னார்.

5

என்ன பதில்? எனக்குத் தெரியாது. கெஞ்சினேன். கதையே அங்கேதான் நிற்கிறது என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"அது எனக்கும் அவனுக்கும். உன் கதைக்கு வேற ஏதாவது பாத்துக்கோ."

எனக்குத் தெரிந்தது இவ்வளவே: அன்று அண்ணி வீங்கிய கண்ணோடு வீடு திரும்பினார். அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டான். என் அண்ணனோடு ரிமோட்டுக்குச் சண்டையும் போட்டான். நடுவில் இருக்கிற அந்த ஒரு வாக்கியம்தான் இல்லை. நானாக எழுதிப் பார்த்தவை எல்லாம் மன்னிப்புக் கடிதம் போலவே வந்தன. அண்ணி அப்படிப் பேசுகிறவர் அல்ல.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன். கூடப்பிறந்தவர்களிடம் எப்போதாவது வாய்தவறியவர் நீங்கள் என்றால், என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

"...................................................."

எழுதியதை என்னிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். நான் எப்படிப்பட்டவள் என்று அண்ணியைக் கேட்டால் சொல்வார்.