மலையிறங்கிப் போன ஒயின்

ஈஸ்டருக்கு மறுநாள் மதியம் நுன்ஸியாந்தே த்ரோஃபாவின் வெள்ளை ஒயின் பீப்பாயைவிட்டு இறங்கி, நிலவறைக் கதவின் அடியால் வெளியேறி, மலைப்பாதை வழியே கடற்கரையிலிருந்த அவருடைய மகள் வீட்டுக்குப் போனது. கயிற்றுத் தடிமனில், திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி, வளைவுகளில் வளைந்து, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. மண் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். எரிமலையின்மேல் குடியிருக்கும் ஈஸ்கியா தீவுக்காரர்கள் எதற்கும் சட்டென்று பதறுவதில்லை.

மகள் அசுந்தா முந்தைய கோடையில்தான் கடற்கரை ஊரான சாந்தாஞ்செலோவின் மீனவன் கிரெஷென்ஸோவைக் கட்டிக்கொண்டு கீழே போயிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு நுன்ஸியாந்தே போகவில்லை. பெண் கேட்டு வந்த அன்று பையனின் அப்பா ஒயினை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, “மீனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இதப் போயி முயல்கறியோட குடிச்சுக் கெடுக்கிறீங்களே” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் நுன்ஸியாந்தேயின் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த ஒயினும் குழியில் வளர்த்த முயலும்தான் ஞாயிற்றுக்கிழமை. அன்றே அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மீன் வாடை தன் வாசற்படி ஏறக்கூடாது என்று ஊரறியச் சொல்லியும்விட்டார்.

இப்போது ஒயின் தினமும் போனது. அவர் பீப்பாயின் குழாயை மெழுகால் அடைத்தார், மூடிமேல் பாறையை ஏற்றினார், கதவடியில் மணல்மூட்டை போட்டார். அது சாவித்துவாரம் வழியாகப் போனது. பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, மகளைப் பார்க்கப் போவது பாவமில்லை, அதற்கு எதிராகத் தன்னிடம் ஜெபம் எதுவும் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார். ஞாயிறு வந்தது. பூண்டும் சிறு தக்காளியும் காட்டுத் தைம் இலையும் போட்டு மண்சட்டியில் முயலை வதக்கிய மனைவி ஃபிலொமேனா, ஊற்ற ஒயின் இல்லாமல் கரண்டியோடு நின்றாள்.

“ஒயினுக்குக் காலே கிடையாது, அது போவுது. உங்களுக்கு ரெண்டு இருக்கு” என்றாள்.

மறுநாள் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார். பிடித்துவரத்தான் போவதாக எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். செங்குத்தான இடங்களில் முழங்கால் வலித்து அவர் உட்கார்ந்தபோது ஒயின் நின்று காத்திருந்தது. அவர் எழுந்ததும் நகர்ந்தது. கீழே போய், திறந்திருந்த நீலக் கதவுக்குள் நுழைந்து, மேசைக்காலில் ஏறிக் கூஜாவில் அடங்கியது. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அசுந்தா தலைநிமிர்ந்தாள்.

“ஒயினைத் தேடி வந்தேன்” என்றார் அவர்.

“தெரியும்ப்பா. உக்காருங்க. சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

கிரெஷென்ஸோ அவர் முகத்தைப் பார்க்காமல், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய நெத்திலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். நுன்ஸியாந்தே ஒன்றை எடுத்து மென்றார். அதன்மேல் ஒரு மிடறு ஒயின் குடித்தார். தான் வளர்த்த கொடி, தான் மிதித்த பழம், அதற்குள் இப்படி ஒரு ருசி ஒளிந்திருந்தது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். அசுந்தா மீனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“மாப்ளே, இன்னும் கொஞ்சம் வையி” என்றார் கடைசியில். “உங்கப்பனையும் கூப்புடு. வாயத் தொறக்காம உக்காரணும்னு சொல்லு.”

அதன்பின் ஞாயிறுகளில் ஒயின் வீட்டிலேயே இருந்தது. முயல்கறி சாப்பிட மகள் வீட்டார் கீழிருந்து ஏறிவந்தார்கள். மற்ற நாட்களில் அது இறங்கிப் போனது, பெரும்பாலும் அவரும் கூடவே போனார். அவர் இறந்த பிறகும் அது போகிறது. ஊராட்சி புதிதாகப் படிகள் கட்டியபோது ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு வாய்க்கால் விட்டது. கோடையில் வரும் ஜெர்மானியர்கள் அது மழைநீருக்கானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை.