நாலு கழுவல் குறைவு

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் வண்டியில் வெங்கடம்மாவின் கர்ச்சீஃப் விழுந்த சீட்டில் எவனும் உட்கார முடியாது. பச்சைப் பூப் போட்ட அந்தத் துணி பதினோரு வருஷமாகத் துவைபடாமல் இடம் பிடித்து வருகிறது. வெங்கடம்மா லீவு போட்ட நாளில்கூட அது தானாக நடந்து வந்து வண்டி ஏறியதாகச் சாம்பியன் ஸ்டேஷனில் சத்தியம் செய்ய நாலு பேர் இருக்கிறார்கள்.

அன்று வியாழக்கிழமை. தனக்காக விழுந்திருந்த அந்தத் துணியைத் தள்ளிவிட்டு ஷில்பா உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னாமே, ஒட்டகம் செத்துப்போச்சா?” என்றாள் வெங்கடம்மா. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் நாள் முழுக்கக் காலர் தைப்பவள். வாய் அந்தத் தையல் மெஷினைவிட வேகம்.

“ஒட்டகம் எங்களாண்ட இல்லக்கா. அதோட ரத்தம் மட்டும் எப்பவோ வந்துது.”

“பாவம், ரத்தத்த உறிஞ்சிட்டு உட்டாங்களா!” என்று எதிர் சீட்டிலிருந்து மரியகுழந்தை பெருமூச்சு விட்டாள். ஷில்பா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி லேப்பில் இருந்தாலும், அங்கே ஒட்டகம் மேய்க்கிறாள் என்று மூன்று வருஷம் முன்பே பெட்டி முடிவு செய்துவிட்டது.

ஷில்பா அவர்களுக்கு ஒருமுறை ஒழுங்காக விளக்கியும் இருந்தாள். பாக்டீரியாவின் தோலில் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது, அதற்குச் சர்க்கரையை உள்ளே இழுத்துப் போடுவதுதான் வேலை. “நம்ம சுரங்கத்து ஷாஃப்ட்ல ஆள எறக்கின கேஜ் மாதிரிக்கா. வெளிய கேட் தொறந்தா உள்ள மூடிக்கும், உள்ள தொறந்தா வெளிய மூடிக்கும். இப்படி ஆடிக்கினே இருந்தா போட்டோ தெளிவா உழாது. ஒட்டக ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடியில ஒரு சின்னத் துண்ட எடுத்து அதுமேல மாட்டிட்டா, அது புடிச்ச புடியில புரதம் ஆடாம நிக்கும். அப்ப படம் எடுத்து, அது எப்படிச் செஞ்சிருக்குன்னு பாத்துடலாம்.” சர்க்கரை ஷிஃப்டுக்கு இறங்கும் அழகை நினைத்து மரியகுழந்தை கண்கலங்கிவிட்டாள்.

அந்தப் படம் நாளை வெள்ளிக்கிழமை எடுக்கப்பட வேண்டும். பெரிய மைக்ரோஸ்கோப், யானையை நிற்கவைத்த உயரம். அதில் இரண்டு நாள் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தாள். அவள் அப்பா ராஜப்பா, மைசூர் மைன்ஸில் கேஜுக்கு மணியடித்தவர், மகள் எடுக்கப்போகும் படத்துக்காகத் தங்க பார்டர் ஃபிரேமே வாங்கிவிட்டார். ஹாலில் ஆணியும் அடித்தாயிற்று. தெருவில் பால் வாங்க நின்ற ஒருவர் பாக்கியில்லாமல் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் நேற்று சாயங்காலம் ஷில்பா ஒரு காலிக் குழியைப் பார்த்துவிட்டாள்.

கோடிக்கணக்கான துண்டுகளில் எது தன் புரதத்தைப் பிடிக்கும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் புரதத்தைப் படியவைத்து, எல்லாத் துண்டுகளையும் மேலே ஊற்றி, பிறகு கழுவ வேண்டும். கழுவலுக்கு ஐந்து நிமிஷம், மொத்தம் பத்துக் கழுவல். ஒட்டாதது போகும், ஒட்டியது நிற்கும். மூன்று சுற்று இப்படி. ஷில்பா மூன்று சுற்றிலும் கழுவியது ஆறுதான். பத்து கழுவினால் ஆறு இருபது வண்டி போய்விடும். அந்த வண்டிக்காகக் கோலார் தங்கவயல்காரர்கள் எதையும் பாதியில் விடுவார்கள். ஒருவன் பல் டாக்டரிடம் பல்லைப் பாதி பிடுங்கிய நிலையில் எழுந்து ஓடி வந்திருக்கிறான். ஷில்பா விட்டது இருபது நிமிஷம். நோட்டில் மட்டும் பத்து என்று எழுதினாள். விதிமுறைத் தாளில் பத்து என்று இருந்ததால் கை தானாக எழுதிவிட்டது.

அப்படித் தேறி வந்த துண்டைத்தான் லேப் முழுக்கக் கொண்டாடினார்கள். நேற்று கடைசியாக ஒருமுறை சோதித்தபோது, புரதமே போடாத காலிக் குழியும், துண்டு ஒட்டியதற்கு அடையாளமான மஞ்சளில் பூத்தது. புரதத்தைப் பிடிக்க வேண்டிய துண்டு வெறும் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி லேப்புக்குப் போனதும் அதை முதலில் கூட வேலை செய்யும் கிரிஷிடம் காட்டினாள். தங்கவயல் பெமல் நகர்ப் பையன். பெங்களூரிலேயே ரூம் எடுத்துவிட்டதால் வண்டிக் கவலை இல்லாதவன்.

“சும்னே டென்ஷன் ஆகாத. காலிக் குழிய யாரு பாத்தா? நாளைக்கு மிஷின்ல வெய்யி. படம் வர்லன்னா புரதம் சரியில்லன்னு சொல்லிக்கலாம். பாதிப் பேருக்கு அதான் ஆவுது.”

“நா பாத்தேனே.”

“நீ பாக்காத மாதிரி இரு.”

அரைமணி நேரம் அவள் அப்படி இருந்து பார்த்தாள். டீ குடித்தாள். ஃபிரேம் ஞாபகம் வந்தது. அந்த ஆணி நெஞ்சிலேயே அடித்ததுபோல இருந்தது. பிறகு எழுந்து மனோகர் சார் அறைக்குப் போனாள். அவர் லேப்புக்குத் தலைவர்; கத்தவே மாட்டார். கத்தினால் பரவாயில்லை என்று எல்லோரும் ஏங்குவார்கள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மூணு ரவுண்டுமா?”

“ஆமா சார்.”

“நோட்ல?”

“பத்துன்னு எழுதியிருக்கேன்.”

மூடி நின்றது. “ட்ரெயினுக்கு ஓடினது புரியுதும்மா. எழுதினதுதான் புரியல.” பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். “நாளைக்கு மிஷின்ல கிரிஷோட சாம்பிள் போகட்டும். உன் நோட்டு மொத்தத்தையும் எடுத்துட்டு வா. மூணு வருஷத்தோடது.”

“மத்ததெல்லாம் சரியா எழுதினதுதான் சார்.”

“இருக்கலாம். நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அவள் தன் மேஜைக்குப் போனாள். ஒன்பது நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமெண்ட் கனம்.

“ஃப்ரீசர்ல துண்டுகளோட முதல் தொகுப்பு மிச்சம் இருக்கு சார். மறுபடி மொதல்லேருந்து செய்யறேன்.”

“செய். பத்துக்கப்புறம் ஒண்ணுமே மிஞ்சாமயும் போகலாம், தெரியும்ல?” அவள் தலையசைத்தாள். வாசல்வரை போனவளை அவர் குரல் பிடித்தது. “கிரிஷ் பக்கத்துல நின்னு எண்ணட்டும்.”

சுரங்கத்திலிருந்து ஏறியவர்களை வாசலில் நிறுத்தி, தங்கம் இருக்கிறதா என்று சட்டையைத் தட்டிச் சோதிப்பார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று ஷில்பாவுக்கு இப்போது புரியவில்லை.

மத்தியானமே குழிகளில் புரதத்தைப் படியவைத்தாள். துண்டுகளை ஊற்றிவிட்டுக் கழுவ ஆரம்பித்தபோது மணி ஐந்தரை. கிரிஷ் நோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு கோடு போட்டான். அவனுக்கும் கூச்சம், கோடுகளைப் பார்த்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் போட்டான். ஆறாவது கோடு விழுந்தபோது மணி ஆறு. கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. மூன்று வருஷப் பழக்கம்.

“ஓடு,” என்றான் கிரிஷ் மெதுவாக. “மிச்சத்த நானே பாத்துக்கறேன்.”

“கழுவுவியா?”

அவன் கோடுகளை மறுபடி எண்ணினான். பேனா நோட்டின்மேல் நின்றது.

“கோடு போட்டுடாத, கிரிஷ்,” என்று சொல்லிவிட்டு அவள் ஏழாவதை ஊற்றினாள்.

ஏழாவது குழிகளில் கிடக்கும்போதே செல்போன் அடித்தது. எடுத்ததும் வெங்கடம்மாவின் குரல் லேப்பின் கண்ணாடிக் குப்பிகளை எல்லாம் ஆட்டியது.

“எங்கமே கீற? வண்டி நிக்குது! ஒருத்தி உன் சீட்ல குந்துறதுக்கு வந்து கர்ச்சீஃப்ப தூக்கறா, நா கையப் புடிச்சிக்கினு கீறேன்!”

“உட்ருக்கா. அவங்க உக்காரட்டும்.”

“இன்னாது?”

“நா வர லேட்டாவும். அடுத்த வண்டி பங்காருப்பேட்டையோட நின்னுடும். அப்பாவ அங்க டிவிஎஸ்ஸ எடுத்துக்கினு வரச் சொல்றேன்.”

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. வெங்கடம்மா பேசாமல் இருந்த ஒரு நிமிஷம் என்று சொன்னால் பெட்டியில் யாரும் நம்பமாட்டார்கள்.

“அழுவுறியா நீ?”

“இல்லக்கா.”

“உங்கப்பனாண்ட இன்னா சொல்லப்போற? ஃபிரேம்லாம் வாங்கி வெச்சிக்கினு கீறாரு.”

“படம் இப்ப வராதுன்னு சொல்லணும். ஏன்னும் சொல்லணும்.”

போனைக் கீழே வைத்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. குழியில் கிடந்த தண்ணீரைக் கொட்டினாள். இதோடு நல்ல துண்டும் போய்விடுமோ என்னவோ. மறுபடி நிரப்பினாள்.

“எட்டு,” என்றாள் சத்தமாக. கிரிஷ் கோடு போடும்வரை காத்திருந்தாள்.