சாக வேண்டிய செடி

உலக மக்களின் கவனத்துக்கு: மனிதகுலத்தின் புரதப் பஞ்சம் அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னதாக, லண்டனில் ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் முடிவுக்கு வரும். சோயா ஆய்வின் தலைவர் டொக்டர் ஸ்ரீனிவாஸ் விருந்தினர்களுக்கு ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருந்தார்.

அந்தக் கூடத்தின் ஊழியர் குலசேகரம் மேசைத் தொட்டிகளின் மேல் குனிந்து, சோயா விதைகளின் கீழே சோறு புதைத்துக்கொண்டிருந்தார். வேர் அழுகல் பூஞ்சணத்தைச் சோற்றில் வளர்த்துத்தான் மண்ணில் இடுவார்கள். நோய் தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த பிள்ளைகள் இவை. எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். மேசை மூலைகளில் தாங்காத ரகமும் நிற்கும். அது செத்தாக வேண்டும். சாகாவிட்டால் நோயே பிடிக்கவில்லை, மற்றவை பிழைத்ததில் பெருமையும் இல்லை.

போன முறை அது சாகவில்லை. ஈரம் இல்லாமல் பூஞ்சணம் பிடிக்காது; தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர் டொக்டர். வேலை போனது குலசேகரத்துக்கு. இந்த வெள்ளியோடு சரி.

"அண்ணை, சோறு நாறேல்லையே?" தண்ணீர் ஊற்ற வந்த ஜெயகௌரி கேட்டாள்.

"நாறாது பிள்ளை. வீட்டில அவிச்சது. பூஞ்சணம் குப்பைக்குள்ள."

"ஐயோ, அப்ப ஒண்டும் சாகாதே!"

"ஓம். எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிக்கும். பெரிய ஆக்களுக்கு முன்னால டொக்டரின்ர மூஞ்சி சாகட்டும். அண்டைக்கு எனக்குக் கோல் எடுத்து, போனைப் பொக்கற்றுக்குள்ள போட்டு வை. நான் கேக்கோணும்."

அந்த வியாழன் காலை டொக்டர் முதலில் வந்தார். மூலைச் செடிகள் முழங்கை உயரத்துக்குக் கொழுத்து நின்றன. வெகுநேரம் பார்த்தார். ஜெயகௌரியின் பொக்கற்றுக்குள் இருந்த போன் வழியாக, கிங்ஸ்பரியில் தன் வீட்டிலிருந்து குலசேகரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெயகௌரி, மூலையில இருக்கறதெல்லாம் பிடுங்கிடுங்க."

"உயிரோட நிக்குது டொக்டர்."

"ஆமா, அதனாலதான் பிடுங்கச் சொல்றேன். உங்களுக்கு வேலை வேணும்ல?"

பிடுங்கினாள். வேர்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. விருந்தினர்களிடம் டொக்டர் வெறும் தொட்டிகளைக் காட்டி நோயின் கொடூரத்தை விளக்கினார். பக்கத்தில் தழைத்து நின்ற பிள்ளைகளைக் காட்டியபோது குரல் தழுதழுத்தது.

"என்ன பிள்ளை சத்தம்? ஆள் அழுகிறானோ?" என்றது பொக்கற்.

"கை தட்டுகினம் அண்ணை."

பின்வாசலில் கறுப்புப் பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே பச்சை இலைகள் இன்னும் வாடவில்லை.

டொக்டர் பேராசிரியரானார். குலசேகரத்தின் வேலையையும் இப்போது ஜெயகௌரிதான் பார்க்கிறாள், தன் பழைய சம்பளத்துக்கே.